நோம் பென் நாட்குறிப்பு: இரவல் நீதிபதிகளின் ஊரில்

ஞாயிறு, இரவு

விடுதியில் பைகளைப் போட்டுவிட்டு நேராக ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம். ஆட்டோக்காரருக்கு டாலரில் கொடுத்தால் மீதியை ரியலில் தருகிறார். அந்த ஆட்டோவே பஜாஜ். என் ஜூனியருக்கு அதில் ஒரே மகிழ்ச்சி.

நாங்கள் வந்தது கோயில் குளம் பார்க்க இல்லை. கம்போடியாவின் நீதித்துறையைச் சீர்படுத்துகிறோம் என்று உலகமே சேர்ந்து பணம், ஆள், சட்டப் புத்தகம் எல்லாம் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலை நடந்திருக்கிறது. அதில் எது தங்கியது, எது போனது என்று வக்கீல் கண்ணால் ஒரு வாரம் பார்க்கலாம் என்பதுதான் திட்டம்.

முதலில் சக்தோமுக் அரங்கம். வான் மொலிவான் வடிவமைத்து 1961இல் கட்டியது. விசிறி போல விரியும் கூரை, எதிரே ஆறு. அழகான கட்டடம்தான், ஆனால் எங்களை இங்கே இழுத்தது 1979 ஆகஸ்டில் உள்ளே நடந்த வழக்கு. 1975 முதல் நாட்டு மக்களைக் கொன்று குவித்த போல் போட்டின் கெமர் ரூஜ் ஆட்சி அந்த ஜனவரியில் விழுந்தது. வியட்நாம் ஆதரவோடு வந்த புதிய அரசு, போல் போட், அவருடைய வெளியுறவு அமைச்சர் இயெங் சாரி இருவர் மீதும் இனப்படுகொலை வழக்குப் போட்டது. இருவரும் ஊரில் இல்லை. ஐந்தே நாளில் விசாரணை முடிந்து ஆகஸ்ட் 19ஆம் தேதி மரண தண்டனை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜரான வெளிநாட்டு வக்கீலே தன் கட்சிக்காரர்களைக் கொடூரர்கள் என்று சாடினார்.

“அப்புறம் எதுக்கு மேடம் வக்காலத்து?” என்றாள் ஜூனியர்.

சாட்சிகள் சொன்னது பொய்யில்லை. குற்றம் நடந்ததிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பை வெளியே பெரும்பாலான நாடுகள் மதிக்கவில்லை. இதே நாட்டில் மறுபடி ஒரு நீதிமன்றம் கூட வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திங்கள்

துவோல் ஸ்லெங். பள்ளிக்கூடமாக இருந்து எஸ்-21 என்ற சிறையான இடம். 2025இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வகுப்பறைகள், கட்டில்கள், புகைப்படங்கள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை, எழுதவும் வரவில்லை. கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1979 ஜனவரியில் சிறை நிர்வாகம் ஓடியபோது ஆவணங்களை அழிக்க நேரமில்லை. கைதிகளின் படங்கள், பட்டியல்கள், ‘வாக்குமூலங்கள்’ அப்படியே கிடந்தன. இங்கே அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 12,272 பேர் என்று பின்னால் நீதிமன்றம் முடிவுக்கு வர இந்தக் காகிதங்களே உதவின. ஆனால் இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தைச் சான்றாக எடுக்கக் கூடாது என்பது ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. சித்திரவதை செய்தவர் மீதான வழக்கில், இப்படி ஒரு வாக்குமூலம் வாங்கப்பட்டது என்பதைக் காட்ட அதைப் பயன்படுத்தலாம். ஆகவே கைதி என்ன ‘ஒப்புக்கொண்டார்’ என்பதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. ஓரத்தில் சிறைத் தலைவர் கைப்பட எழுதிய குறிப்புகளுக்குத்தான் மதிப்பு. இந்த வேறுபாட்டை வகுப்பில் படித்தபோது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இங்கே கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்றபோது பிடிபட்டது.

அந்தச் சிறைத் தலைவர் காயிங் குவெக் ஈவ், எல்லோரும் அறிந்த பெயர் டுச். கணித ஆசிரியராக இருந்தவர். 1999 மே மாதம் பிடிபட்டார். விசாரணையே இல்லாமல் கம்போடிய இராணுவ நீதிமன்றம் அவரை எட்டு வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தது. 2007 ஜூலையில்தான் ஐ.நா. உதவியோடு அமைந்த சிறப்பு நீதிமன்றத்தின் கைக்கு வந்தார். 2009இல் விசாரணை. உயிர் பிழைத்த வான் நாத், சும் மே, பூ மெங் மூவரும் அவர் முன்னாலேயே சாட்சி சொன்னார்கள். டுச் மாதக்கணக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி வாதத்தில் ஒரு கூத்து நடந்தது. அவருடைய பிரெஞ்சு வக்கீல் தண்டனையைக் குறைக்கச் சொன்னார். பக்கத்திலேயே இருந்த கம்போடிய வக்கீல் விடுதலையே செய்யச் சொன்னார். கட்சிக்காரர் எழுந்து விடுதலை பக்கம் சேர்ந்துகொண்டார். இரண்டு சட்ட மரபுகளை ஒரே மேசையில் உட்கார வைத்தால் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்போல.

2010 ஜூலை 26 அன்று தீர்ப்பு: 35 வருடம். அதில் 5 வருடம் கழிவு. எதற்கு? அந்த இராணுவக் காவல் சட்டவிரோதம் என்பதற்கு. ஏற்கெனவே உள்ளே இருந்த 11 வருடமும் போனால் மிச்சம் 19. நீதிமன்ற வாசலில் பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தார்கள். 12,000 பேரைக் கொன்ற சிறையை நடத்தியவருக்கு, சிறை வைத்த முறை சரியில்லை என்று சலுகையா?

மேல்முறையீட்டில், 2012 பிப்ரவரி 3 அன்று, ஆயுள் தண்டனை ஆனது. கழிவும் ரத்து. ஏழு நீதிபதிகளில் ஐவர் அந்தப் பக்கம்: நான்கு கம்போடியர்கள், ஒரு ஜப்பானியர். மறுத்தவர்கள் இருவர். போலந்தைச் சேர்ந்த அக்னியெஷ்கா க்ளோனொவியெத்ஸ்கா-மிலார்ட், இலங்கையைச் சேர்ந்த சந்திர நிஹால் ஜயசிங்க. குற்றத்துக்கு ஆயுள் தண்டனை தகும் என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக எட்டு வருடம் அடைத்து வைத்ததற்கு நீதிமன்றம் பரிகாரம் தந்தே ஆக வேண்டும், அதனால் 30 வருடம் என்றார்கள்.

நான் அந்த இருவர் பக்கம். ஜூனியர், தண்டனை போதாது என்று கொதித்த சும் மே பக்கம். மதியச் சாப்பாடு முழுக்க இதே வாதம்.

செவ்வாய்

டுச்சை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனோம். நகரத்திலிருந்து மேற்கே, நான்காம் எண் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கம்போடிய நீதிமன்றங்களின் சிறப்பு அமர்வுகள் என்பது முழுப் பெயர். எல்லோரும் கெமர் ரூஜ் தீர்ப்பாயம் என்றே சொல்கிறார்கள். வழக்குகள் 2022இல் முடிந்தன. இப்போது இங்கே வெளியே நின்று பார்ப்பதோடு சரி. பக்கத்தில் இராணுவத் தலைமையகம்.

இவ்வளவு தூரத்தில் வைத்தும் கூட்டம் வந்தது என்பதுதான் இந்த இடத்தின் பெருமை. கிராமங்களிலிருந்து பேருந்து வைத்து மக்களை அழைத்து வந்தார்கள். சுமார் 500 இருக்கைகள் கொண்ட பார்வையாளர் கூடம், நடுவே கண்ணாடிச் சுவர், காதில் ஹெட்போன், கெமர், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. வளாகத்தில் கையில் இரும்புத் தடி ஏந்திய காவல் தெய்வம் ஒன்று இருந்தது. லோக் தா தம்பாங் தேக் என்று பெயர். சாட்சிகள் அதன் முன் சத்தியம் செய்துவிட்டுத்தான் கூண்டுக்கு வருவார்கள். கருப்பசாமி சந்நிதியில் பொய் சொல்லத் துணியாத ஆள் கோர்ட்டில் சரளமாகச் சொல்வதை நாம் பார்க்காததா! இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

சரி, இந்த நீதிமன்றம் எப்படி உண்டானது? 1997 ஜூனில் அப்போதைய இரண்டு பிரதமர்கள், ரணரித்தும் ஹுன் சென்னும், ஐ.நா.வுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 1999இல் ஐ.நா. வல்லுநர் குழு, உள்நாட்டு நீதித்துறையை நம்ப முடியாது, முழுக்கச் சர்வதேச நீதிமன்றம் வேண்டும் என்றது. கம்போடிய அரசு, எங்கள் மண், எங்கள் நீதிமன்றம், எங்கள் நீதிபதிகளே பெரும்பான்மை என்று பிடிவாதமாக நின்றது. 2002 பிப்ரவரியில் ஐ.நா. பேச்சையே முறித்துக்கொண்டு போனது. பிறகு திரும்பி வந்து 2003 ஜூன் 6 அன்று கையெழுத்தானது.

அங்கே பிறந்ததுதான் இந்த ஊரின் புகழ்பெற்ற கணக்கு. விசாரணை அமர்வில் ஐந்து பேர்: மூன்று உள்நாடு, இரண்டு வெளிநாடு. தீர்ப்புக்கு நான்கு வாக்கு வேண்டும். உச்ச அமர்வில் ஏழு பேர்: நான்கு உள்நாடு, மூன்று வெளிநாடு. அங்கே ஐந்து வாக்கு. அதாவது உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்தாலும் ஒரு வெளிநாட்டு நீதிபதியாவது கூட வராமல் எதுவும் நகராது. நேற்றுச் சொன்ன டுச் மேல்முறையீட்டைப் பாருங்கள். நான்கும் ஒன்றும் ஐந்து. விளிம்பில் நின்றுதான் கழிவு ரத்தானது.

அவநம்பிக்கையை எண்ணாக்கி ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிய ஒப்பந்தம் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு ஒரு தடவை கையை விரித்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

புலனாய்வு நீதிபதிகளும் இரட்டையர்தான், ஒருவர் கம்போடியர், ஒருவர் வெளிநாட்டவர். கெமர் ரூஜின் மூத்த தலைவர்களான நுவோன் சியா, கியூ சம்பான் வழக்கு வரை வண்டி ஓடியது. அடுத்த அடுக்குத் தலைவர்கள் மீதான 003, 004 என்ற வழக்குகள் வந்ததும், இதற்கு மேல் தோண்ட வேண்டாம் என்று அரசு வெளிப்படையாகவே சொன்னது. ஜெர்மானிய நீதிபதி ஒருவர் 2011இல் அரசின் பேச்சுகளைக் காரணம் காட்டி விலகினார். அவருக்குப் பின் வந்த சுவிட்சர்லாந்துக்காரரை அரசு முறைப்படி ஏற்கவே இல்லை, அவரும் போனார். கடைசியில் 2018 ஆகஸ்டில் ஆவோ ஆன் என்பவர் வழக்கில் ஒரே நாளில் இரண்டு உத்தரவு: கம்போடிய நீதிபதி வழக்கைத் தள்ளினார், வெளிநாட்டு நீதிபதி குற்றம் சாட்டினார். இப்படி இரண்டு உத்தரவு போட்டதே சட்டவிரோதம் என்று மேலே இருந்த, ஐந்து நீதிபதிகள் கொண்ட முன்விசாரணை அமர்வு ஒருமனதாகச் சொன்னது. அப்புறம் எந்த உத்தரவு நிற்கும்? அதில் நான்கு வாக்கு சேரவில்லை. 2020 ஆகஸ்டில் உச்ச அமர்வு வழக்கை முடித்து வைத்தது. அந்த மனிதர் குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை.

பணக் கதையும் உண்டு. நீதிமன்றம் நன்கொடையில் ஓடியது. மொத்தச் செலவு 33 கோடி டாலருக்கு மேல், தண்டனை பெற்றவர்கள் மூன்று பேர். ஜப்பான்தான் பெரிய கொடையாளர். ஐ.நா. பக்கக் கணக்கு தனி, கம்போடியப் பக்கக் கணக்கு தனி. கம்போடியப் பக்கம் வற்றியபோது 2013இல் உள்ளூர் ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் வேலையை நிறுத்தினார்கள். மார்ச்சில் மொழிபெயர்ப்பாளர்கள் எழுந்து போனதும் விசாரணையே நின்றது. ஒரே கட்டடத்தில் ஒருவருக்கு மாதச் சம்பளம் தவறாமல், இன்னொருவருக்கு மாதக்கணக்கில் பாக்கி. சர்வதேச ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

வக்கீல் நண்பர்களுக்காக ஒரு துணுக்கு: 2007இல் உள்ளூர் பார் சங்கம் வெளிநாட்டு வக்கீல்களிடம் 4,900 டாலர் கட்டணம் கேட்டு மல்லுக்கு நின்றதில் நடைமுறை விதிகளே தள்ளிப்போயின. பேரம் 500 டாலரில் படிந்தது. பார் சங்கம் எங்கும் பார் சங்கம்தான்.

புதன்

மழை. ஜூனியருக்குக் காய்ச்சல் போல இருந்ததால் விடுதியிலேயே உட்கார்ந்து தீர்ப்பாயத்தின் இணைய ஆவணக் காப்பகத்தில் மேய்ந்தோம். இரண்டாம் வழக்கில் மட்டும் பாதிக்கப்பட்டோர் கிட்டத்தட்ட 3,900 பேர் உரிமையியல் தரப்பினராகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சாட்சியாக மட்டும் இல்லாமல் வழக்கில் ஒரு தரப்பாகவே. ஆனால் தனிநபர் இழப்பீடு கிடையாது, கூட்டாக, அடையாளமாக மட்டுமே பரிகாரம் என்பது விதி. டுச் மீதான முதல் வழக்கில் கிடைத்தது என்ன தெரியுமா? தீர்ப்பில் அவர்கள் பெயர், டுச் கேட்ட மன்னிப்புகளின் தொகுப்பு. அவ்வளவே.

வியாழன்

தீர்ப்பாயத்தைப் பற்றி உலகம் எழுதிய அளவில் நூறில் ஒரு பங்குகூட இன்று பார்த்ததைப் பற்றி எழுதவில்லை. எனக்கு இந்தப் பயணத்தில் பெரிய விஷயம் இதுதான்.

சட்டம், பொருளாதாரத்துக்கான அரச பல்கலைக்கழகம். உள்ளே ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகம் நடத்தும் ஜப்பானியச் சட்ட மையம் ஒன்று 2008 முதல் இருக்கிறது. கம்போடிய மாணவர்கள் இங்கே ஜப்பானிய மொழி கற்று, அந்த மொழியிலேயே ஜப்பானியச் சட்டம் படிக்கிறார்கள். எதற்கு என்று கேட்கத் தோன்றும். இந்த நாட்டின் உரிமையியல் சட்டம் ஜப்பானியப் பேராசிரியர்களோடு சேர்ந்து எழுதப்பட்டது. அதன் ஷரத்து ஒன்றில் ஐயம் வந்தால் வேர் எங்கே என்று தேட ஆள் வேண்டுமே.

1975க்கும் 1979க்கும் இடையில் இந்த நாட்டில் நீதிமன்றம் இல்லை, பணம் இல்லை, தனிச் சொத்து இல்லை. நிலப் பத்திரங்கள் அழிந்தன. சட்டம் படித்தவர்களில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1992இல் ஐ.நா.வின் இடைக்கால நிர்வாகம் வந்தபோது அவசரத்துக்கு ஒரு குற்றவியல் சட்டத்தை எழுதிக் கொடுத்தது. அவசரத்துக்கு எழுதியது பதினைந்து வருடத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்தது! பிறகு பிரான்ஸ் துணையோடு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2007இலும் குற்றவியல் சட்டம் 2009இலும் வந்தன.

உரிமையியல் பக்கம் ஜப்பான். அவர்களுடைய வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்கா 1999இல் வேலையைத் தொடங்கியது. மொரிஷிமா அகியோ தலைமையில் உரிமையியல் சட்டக் குழு, தகேஷிதா மொரியோ தலைமையில் நடைமுறைச் சட்டக் குழு. எழுதிய வரைவைக் கையில் திணித்துவிட்டுப் போகவில்லை. கம்போடிய அதிகாரிகளோடு உட்கார்ந்து ஷரத்து ஷரத்தாகப் பேசிப் பேசி எழுதினார்கள். நடைமுறைச் சட்டம் 2006இல், 1,305 ஷரத்துகள் கொண்ட உரிமையியல் சட்டம் 2007இல். பின்னது நடப்புக்கு வந்தது 2011 டிசம்பரில். அதாவது தொடங்கிப் பன்னிரண்டு வருடம். கொடையாளர் அறிக்கைகளில் ஒரு திட்டத்தின் ஆயுள் மூன்று வருடம், நான்கு வருடம் என்று போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏன் 2007லிருந்து 2011 வரை இழுத்தது? அமலாக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேறு கொடையாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையோடு 2001இலேயே நிலச் சட்டம் வந்துவிட்டது. சொத்துரிமை என்ற ஒரே பொருளை இரண்டு சட்டமும் தொட்டன, மோதின. 2011இன் அமலாக்கச் சட்டம் நிலச் சட்டத்தின் பல ஷரத்துகளை நீக்கித்தான் வழியைச் சரிசெய்தது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு சமையல்காரர்களைத் தனித்தனியாக அமர்த்திய கதை. கொடுப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. வாங்குகிறவரும் இரண்டு பேரிடமும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறார்.

மாலையில் ஒரு கம்போடிய வக்கீலோடு காபி. இந்த மையத்தில் படித்தவர், இப்போது நிலம், கடன் வழக்குகள் நடத்துகிறார். சட்டம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். “ரெண்டு பக்கமும் சாதாரண ஆளா இருந்தா ரொம்ப நல்லா வேலை செய்யுது” என்றார். ஒரு பக்கம் பெரிய ஆள் இருந்தால்? சிரித்துக்கொண்டே இன்னொரு காபி சொன்னார்.

நாங்கள் பேசிய மற்ற எல்லாவற்றையும்விட அந்த முதல் பாதிக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். இரண்டு சாதாரணர்கள் அடித்துக்கொள்ளாமல் ஷரத்தைக் காட்டி வழக்காடுவது சின்ன விஷயம் இல்லை. நீதிமன்றத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரணர்களே.

வெள்ளி

அரண்மனையை ஒட்டிய சோத்தேரோஸ் சாலையில் நீதி அமைச்சகம். சுற்றுலாப் பயணிகள் அரண்மனைக் கூரையைப் படம் எடுக்க, நாங்கள் அமைச்சகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காவலருக்கு எங்கள் மேல் சந்தேகம்.

1993 அரசியலமைப்பு நீதித்துறை சுதந்திரமானது என்கிறது. அதற்கு உருவம் கொடுக்கும் மூன்று சட்டங்கள் வர 2014 ஆயிற்று: நீதிமன்ற அமைப்பு, நீதிபதிகள் நிலை, நீதித்துறை உச்ச மன்றம் ஆகியவை பற்றி. கொடையாளர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சட்டங்கள்தான். வந்தபோது, நியமனத்திலும் நிர்வாகத்திலும் அமைச்சகத்தின் கையை இவை பலப்படுத்துகின்றன என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் உள்ளூர் அமைப்புகளும் குறை சொன்னன. கட்டடமும் பயிற்சியும் சட்டப் புத்தகமும் கொடுக்கும்போது வாசல் திறந்தே இருக்கிறது. நீதிபதியை யார் நியமிப்பது, யார் மாற்றுவது என்ற இடத்துக்கு வந்ததும் மூடிவிடுகிறது. எந்த நாட்டிலும் அரசு கடைசியாக விட்டுக்கொடுப்பது அந்த ஒன்றையே.

இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 16: உச்ச நீதிமன்றம் முக்கிய எதிர்க்கட்சியைக் கலைத்து, அதன் 118 பேரை ஐந்து வருடம் அரசியலிலிருந்து தடை செய்தது. தலைமை தாங்கிய நீதிபதி ஆளுங்கட்சியின் உயர்குழுவில் இருந்தவர். 2018 நவம்பர் 16: சரியாக ஒரு வருடம் கழித்து, அதே நகரின் ஓரத்தில், நுவோன் சியாவுக்கும் கியூ சம்பானுக்கும் இனப்படுகொலைத் தீர்ப்பு. வருடக்கணக்கில் குறுக்கு விசாரணை, ஆயிரக்கணக்கான ஆவணங்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு இரண்டு நாட்டு வக்கீல்கள். முதல் வகை நீதிமன்றத்துக்கு இரண்டாவது வகை பாடமாக இருக்கும் என்பதுதான் 33 கோடி டாலரின் நம்பிக்கை. பாடம் 16 கிலோமீட்டர் பயணித்து நகருக்குள் வரவில்லை. உலக நீதித் திட்டம் என்ற அமைப்பின் 2023 சட்ட ஆட்சிப் பட்டியலில் கம்போடியாவுக்கு 142 நாடுகளில் 141ஆவது இடம்.

அதனால் வீண் என்று சொல்லமாட்டேன். எஸ்-21 கோப்புகள் குறுக்கு விசாரணையைத் தாண்டிச் சான்றாக நின்றுவிட்டன, இனி யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாளைக்கு வேறொரு நாட்டுக்கு இதே உதவியோடு போகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: நியமனச் சட்டத்தை எந்த வருடத்துப் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள்? இருபதாவது வருடம் என்றால், நடுவில் உள்ள பத்தொன்பது வருடமும் நீங்கள் பயிற்சி கொடுத்த நீதிபதி யாருடைய தொலைபேசிக்குப் பயப்படுவார்?

காலையில் விமானம். ஆவோ ஆன் வழக்கின் 2020 உத்தரவை ஜூனியர் இறக்கி வைத்திருக்கிறாள். படித்து முடித்ததும், அந்த நான்கு வாக்கு விதியை நான் இவ்வளவு புகழ்ந்தது தப்பு என்று நிரூபிக்கப் போகிறாளாம்.